வயரா, வீட்டு வைஃபையா, தனி ரூட்டரா: கம்ப்யூட்டர் விஆருக்கு எது?

மெட்டா குவெஸ்ட் 3 தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட். கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாகவே ஓடும். ஆனால் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் நகராத பெரிய கேம்களை அதில் ஆட வேண்டுமென்றால், படத்தை அங்கிருந்து தலைக்குக் கொண்டுவர ஒரு வழி வேண்டும். யூஎஸ்பி கேபிள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வைஃபை, ஹெட்செட்டுக்கென்றே ஒரு தனி ரூட்டர், 5ஜி வழியாக கிளவுட் (தொலைவில் இருக்கும் சர்வரிலேயே கேமை ஓட்டுவது) என்று நான்கு வழிகள். நான் மூன்றாவதை வாங்கி அதிலேயே நின்றுவிட்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கேபிளை முதலில் முடித்துவிடலாம். நிலையாக ஓடும், ஆடும்போதே சார்ஜும் ஏறும். கார் ரேஸ், விமானம் என்று உட்கார்ந்தே ஆடுகிறவர்கள் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், கேபிளே போதும். எழுந்து நின்று திரும்பித் திரும்பி ஆடுகிறவர்களுக்குக் காலில் சுற்றும். பலர் கவனிக்காத ஒன்று: குவெஸ்ட் 3-இல், மானிட்டரைப் போலப் படத்தை நேராக வாங்கிக்கொள்ளும் டிஸ்ப்ளேபோர்ட் உள்ளீடு கிடையாது. கேபிளில் போவதும் சுருக்கப்பட்ட வீடியோதான். கம்ப்யூட்டர் அதைச் சுருக்கவும் ஹெட்செட் விரிக்கவும் ஆகும் நேரம் வயரிலும் உண்டு, வைஃபையிலும் உண்டு. வயர் போட்டால் லேக்கே இருக்காது என்பதெல்லாம் சும்மா. வித்தியாசம் நடுவில் இருக்கும் பயணத்தில் மட்டும்தான்.

அந்தப் பயணத்தில் வேகத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். கணக்கைப் பாருங்கள். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 ஃபிரேம் (படம்) காட்டும்போது, ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெகண்ட். பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு அனுப்பும் வீடியோ டேட்டா, 200 மெகாபிட் என்றால் ஒரு ஃபிரேம் சராசரியாக 2.2 மெகாபிட் வரும். வைஃபை உண்மையில் 800 மெகாபிட் வேகம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஃபிரேம் மூன்று மில்லிசெகண்டுக்குள் காற்றைக் கடந்துவிடும். தாராளமாக நேரம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வைஃபையில் யாரும் நினைத்த நேரத்தில் பேச முடியாது. சேனல் காலியா என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு கருவியும் அனுப்ப வேண்டும். ஹாலில் டிவி 4கே படத்தை இழுத்துக்கொண்டிருந்தால் உங்கள் ஃபிரேம் வரிசையில் நிற்கும். பழைய போன் ஒன்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், கொஞ்சம் டேட்டாவுக்கே அது நிறைய நேரத்தை எடுத்துக்கொள்ளும். படம் பார்க்கிறவருக்கு இது தெரியாது, முன்கூட்டியே சேர்த்து வைத்த பஃபர் காப்பாற்றிவிடும். விஆரில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. அடுத்த ஃபிரேம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நீங்கள் இப்போது தலையைத் திருப்புவதுதான் முடிவு செய்கிறது.

கம்ப்யூட்டர் படத்தை வைஃபையில் ஹெட்செட்டுக்கு அனுப்பும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் செயலியில் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே என்று ஒன்று உண்டு. மொத்த லேட்டன்சியை (தாமதத்தை) கேம், என்கோடிங் (சுருக்குவது), நெட்வொர்க்கிங், டிகோடிங் (விரிப்பது) என்று பிரித்துக் காட்டும். வீட்டு வைஃபையில் அதை ஓடவிட்டுப் பாருங்கள். வேறொரு அறையில் யாராவது டவுன்லோடு போட்டால் நெட்வொர்க்கிங் வரி மட்டும் துள்ளும், மற்ற மூன்றும் பெரிதாக அசையாது. ஸ்பீட் டெஸ்ட் சராசரியைச் சொல்வதால் இது அதில் தெரியவே தெரியாது. தலையைத் திருப்புவதில் வரும் தாமதத்தை ஹெட்செட்டே படத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறைத்துவிடுகிறது. கை அசைவுக்கு அந்தச் சலுகை அவ்வளவாக இல்லை. டேபிள் டென்னிஸ் ஆடினால் மட்டை பின்தங்குவது உடனே தெரியும்.

தனி ரூட்டர் தீர்ப்பது இதைத்தான். அடிமட்ட வைஃபை 6 ரூட்டரே போதும், லேன் போர்ட் கிகாபிட்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 100 மெகாபிட் போர்ட்டில் 200 மெகாபிட் வீடியோ எப்படிப் போகும்? ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வீட்டு நெட்வொர்க்குக்கு இன்னொரு வைஃபை முனையாக மட்டும்) போட்டு, கம்ப்யூட்டரை லேன் வயரால் அதில் இணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் காற்றை இரண்டு முறை கடக்க வேண்டும், வாங்கியதன் பலன் பாதி போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 அல்லது 149, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று நிலையாக வையுங்கள். வீட்டு ரூட்டர் இருக்கும் சேனல் வேண்டாம். 160 வைத்தால் ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களும் உள்ளே வந்துவிடும், ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தாலே ரூட்டர் சேனலை விட்டு ஓடும். அப்புறம், பாஸ்வேர்டை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

பிட்ரேட்டையும் உச்சத்தில் வைக்கத் தேவையில்லை. ஃபிரேம் சிறியதாக இருந்தால் காற்றைச் சீக்கிரம் கடக்கும். நான் 150-இல் வைத்திருக்கிறேன், 200-க்கும் அதற்கும் படத்தில் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி குவெஸ்ட் 3-இல் இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருந்தால், உங்களுடையது தனி ரூட்டராக இருந்தும் பயனில்லை. அதற்கு மருந்து 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை. குவெஸ்ட் 3-இல் வைஃபை 6இ இருக்கிறது, பழைய கருவிகள் எதுவும் அந்தப் பட்டைக்குள் வர முடியாது. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தன. நான் அதில் ஆடிப் பார்த்ததில்லை என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

5ஜி கிளவுட்டில் என் அனுபவம் இன்னும் மெலிவு, ஒரு டெமோவோடு சரி. செல்போன் நெட்வொர்க்குகளுக்கான தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் ரிலீஸ் 17 (தரநிலையின் 17-ஆம் பதிப்பு) ஆய்வில் விஆர் வீடியோவின் ரேடியோ பயணத்துக்கு 10 மில்லிசெகண்ட் கெடு வைத்தது. ரிலீஸ் 18-இல் ஒரு ஃபிரேமின் பாக்கெட்டுகளை ஒரே கூட்டமாக நடத்தும் ஏற்பாடும் வந்தது. எல்லாம் சரி, ஆனால் சர்வர் மும்பையில் இருந்து நீங்கள் சென்னையில் இருந்தால், ஃபைபரில் ஒளி போய்வரவே குறைந்தது 10 மில்லிசெகண்ட் ஆகும். பக்கத்திலேயே சர்வர் வராதவரை அது எனக்கு வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே வைஃபை 6 ரூட்டர் இருந்தால் அவசரப்பட்டு இன்னொன்று வாங்காதீர்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, எல்லோரும் தூங்கியபின் ஒரு முறை அந்த நெட்வொர்க்கிங் வரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் காசு மிச்சம்.