வேர் நனைப்பா, டானிக்கா: சம்பா நடவுக்கு எதில் காசு போடலாம்?

பயிர் மந்தமாக நின்றால் மருந்துக்கடையில் முதலில் நீட்டுவது ஒரு டானிக் பாட்டில்தான். அதில் ஜிப்ரெலிக் அமிலம் என்று போட்டிருந்தால் சம்பா வயலுக்கு வேண்டாம் என்பேன். அந்தக் காசில் நடவுக்கு முன்பே அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தை வாங்கி நாற்றின் வேரை நனைத்துவிடலாம்.

ஜிப்ரெலிக் அமிலம் ஜிப்ரெலின் வகையைச் சேர்ந்தது, ஜிப்ரெலின் தண்டை நீட்டும் ஹார்மோன். 1926இல் குரோசாவா என்ற ஆராய்ச்சியாளர் இதன் தடயத்தைப் பிடித்ததே, பூஞ்சை நோய் வந்து வெளிறி ஒல்லியாக ஓங்கி நின்ற நெல் நாற்றில்தான். அப்புறம் 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் ரகம் குட்டையாக நின்றதற்குக் காரணம், அதற்குள் ஜிப்ரெலின் குறைவாக உருவானது. சாயாமல் நிற்கட்டும் என்று பயிருக்குள்ளேயே குறைத்து வைத்த சரக்கை நாம் விலைக்கு வாங்கி இலைமேல் தெளிக்கிறோம். தூர் கட்டி (பக்கக் கிளை வெடித்து) முடிகிற சமயத்தில் இரண்டு மா நிலத்தில் நானும் அடித்தேன், ஒரே வாரத்தில் பயிர் ஓங்கி வரப்பில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள், கடைசியில் மார்கழி மழைக்குக் கதிரோடு முதலில் படுத்ததும் அந்த இரண்டு மாதான். வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கதிர் முழுசாக வெளியே வர இதைத் தெளிப்பார்கள், அது வேறு கணக்கு.

அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா. அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது, அதனால் பக்கவேரும் வேர்த்தூவியும் கூடும். நட்டுப் பத்து நாள் கழித்து நனைத்த குத்து ஒன்று, நனைக்காத குத்து ஒன்று என்று பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பார்த்தேன். நனைத்ததில் பழுப்பு வேருக்கு நடுவே வெள்ளை வெளேரென்று புது வேர் கொத்தாக இருந்தது, மற்றதில் எண்ணிவிடலாம்.

வேர் வந்தால் தூருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். தூர் மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வேரிலும் உருவாகி மேலே ஏறுகிறது, தழைச்சத்து கிடைத்தால் இன்னும் கூடும். தேங்காய்த் தண்ணீரிலும் சைட்டோகைனின் உண்டு, அதனால் தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர் கரைசலை நான் ஒதுக்கவில்லை, ஆனால் அது வேர் பிடித்த பயிருக்கு.

நனைக்கும்போது தண்ணீரில் கரைத்து, நாற்று முடியைக் கட்டோடு வேர் மூழ்க இருபது நிமிடம் நிழலில் வையுங்கள். அதே தண்ணீரில் பூஞ்சைக்கொல்லி கலந்துவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும்.