கட்டட வேலைக்கு கூகுள் ஷீட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவையில் வீடு கட்டித் தருகிறோம். சாமான் வாங்குவது, சப் கான்ட்ராக்ட் ஆட்களின் கணக்கு இரண்டையும் சில வருடங்களாக கூகுள் ஷீட்டில் பார்க்கிறோம். விலையை ஒப்பிட அது பெரிதாகத் தேவைப்படவில்லை, அதை போனிலேயே பேசிவிடலாம். 'என்றைக்கு சைட்டில் இருக்க வேண்டும்' என்ற கட்டம்தான் எங்களுக்கு உயிர்.

தளம் போடுவதைப் பாருங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) அடித்து, கம்பி கட்டி, எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்த பிறகுதான் கான்கிரீட். மூவரும் தனித்தனி கான்ட்ராக்ட், ஒருவர் தாமதத்துக்கு இன்னொருவர் பொறுப்பில்லை. ஆனால் பைப் ஒரு நாள் தள்ளி வந்தால் ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்), பம்ப், சென்ட்ரிங் சாமான் வாடகை எல்லாம் சேர்ந்து தள்ளும். அதனால் கான்கிரீட் தேதியைப் போட்டதும் மற்ற தேதிகள் பின்னோக்கிக் கணக்காகும்படி ஃபார்முலா வைத்திருக்கிறோம். சிமெண்ட்டும் அப்படித்தான், தேவைப்படும் தேதியை ஒட்டியே வர வேண்டும். விலை ஏறும் என்று வாங்கி அடுக்கினால், மூன்று மாதத்தில் அதன் வலு குறைந்துவிடும்.

அப்புறம் சரக்கு வரவு. கம்பிக்கு எடை மேடைச் சீட்டு மட்டும் போதாது. மில்லிமீட்டரில் விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பிக்கு சுமார் 0.89 கிலோ. எண்ணிக்கையையும் நீளத்தையும் போட்டால் இருக்க வேண்டிய எடையை ஷீட் காட்டும். கம்பிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 1786இல் இந்த அளவுக்கு 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் உண்டு. அதைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். அப்படிச் சிவந்த லோடைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். எம்-சாண்டுக்கு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 100 கன அடி ஒரு யூனிட். லாரியில் டேப் வைத்து அளந்த பிறகே வரவு.

பில் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அட்வான்ஸ், ரன்னிங் பில் (முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்), வேலை முடியும் வரை நிறுத்தி வைக்கும் பிடித்தம், டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) என்று ஒவ்வொரு மேஸ்திரிக்கும் தனிக் கோப்பு, அவர் போனிலேயே பார்க்கலாம். அளந்த சதுர அடி அவர் கண்ணுக்கும் தெரிவதால் சனிக்கிழமை பணம் கொடுக்கும்போது வரும் வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது. கணக்கு சுத்தமாக இருந்தால்தான் நல்ல மேஸ்திரி அடுத்த வேலைக்கும் வருவார்.

ஷீட்டில் தேதி இருந்தாலும் முதல் நாள் மாலை எல்லோருக்கும் போன் செய்தே ஆக வேண்டும். பொங்கல், தீபாவளியை ஒட்டி இன்னும் கூடுதலாக. இரண்டு மூன்று சைட் வரை இந்த முறையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் போனால் சரக்கு இருப்புக்கென்று தனி மென்பொருளும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்டோர் கீப்பரும் தேவை.