கோவைக்கு எந்தத் தேர்தல் முறை பொருந்தும்?

2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் 1,728 வாக்கு வித்தியாசத்தில் கமல்ஹாசனை வென்றார். மூன்றாவதாக வந்த காங்கிரஸ் வேட்பாளரும் 42 ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார். வென்றவருக்குக் கிடைத்தது சுமார் 34 சதவீதம். சட்டப்படி முறையான வெற்றிதான். ஆனால் ஓட்டுப் போட்ட மூவரில் இருவர் வேறு யாரையோ கேட்டிருந்தார்கள். அதே தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்குப் போயின. மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த தி.மு.க. அணிக்கு இந்த மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ.கூடக் கிடைக்கவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேர்தல் சீர்திருத்தப் பேச்சு எங்கும் போய்ச் சேர்வதில்லை. முதலாவது, ஒரு தொகுதிக்குள் ஓட்டு சிதறுகிற கோளாறு. இரண்டாவது, ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருத்தமே இல்லாமல் போகிற கோளாறு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

முதலாவதற்கு ஏற்றது விருப்ப வரிசை முறை. வாக்காளர் 1, 2, 3 என்று எண் போடுவார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். கோவை தெற்கில் காங்கிரஸுக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம்தான் முடிவைத் தீர்மானித்திருக்கும். யார் வென்றிருந்தாலும் ‘ஓட்டு பிரிந்ததால் ஜெயித்தவர்’ என்ற பேச்சு எழுந்திருக்காது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் வரிசை முறைதான். ஆனால் சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமானது. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர். ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். ஆஸ்திரேலிய மக்களவைத் தேர்தலைப் போல எல்லாப் பெயருக்கும் எண் போடச் சொன்னால் இங்கே பாதி ஓட்டு செல்லாததாகிவிடும். இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று விருப்பம் வரைதான். நமக்கு அதுவே போதும்.

சரி, பத்துக்குப் பத்து? அதற்கு வரிசை முறையில் தீர்வில்லை. விகிதாசாரம், அதாவது ஓட்டு விகிதப்படி கட்சிகளுக்கு இடம், வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. 44 சதவீத ஓட்டில் 39-இல் 37 இடம் பிடித்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். 2024-இல் நிலைமை தலைகீழ்: சுமார் 20 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்குப் பூஜ்யம். விகிதப்படி பார்த்தால் அன்றைக்கு தி.மு.க.வுக்கு 9, பின்னால் அ.தி.மு.க.வுக்கு 8 வந்திருக்க வேண்டும்.

இலங்கையிலும் 1977-இல் பாதி ஓட்டோடு 168-இல் 140 இடத்தை ஒரே கட்சி அள்ளியது. மறு ஆண்டு அரசியலமைப்பிலேயே விகிதாசாரத்துக்கு மாறினார்கள். மாவட்டமே ஒரு தொகுதி. கட்சிக்கு ஒரு ஓட்டு, அப்புறம் அந்தக் கட்சிக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. விளைவு, எதிர்க்கட்சியைவிட சொந்தக் கட்சிக்காரனோடுதான் சண்டை. மாவட்டம் முழுக்கப் பிரசாரம் என்பதால் செலவும் ஏறியது.

இதைக் கோவைக்குப் பொருத்திப் பாருங்கள். வால்பாறை எஸ்டேட் தொழிலாளிக்கு இன்று தனியாக ஒரு எம்.எல்.ஏ. இருக்கிறார். கூலிப் பிரச்சினையோ, சிறுத்தை நடமாட்டமோ, மனுவை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். பத்து இடத்துக்கும் ஒரே பட்டியல் என்றால் நகரத்து ஓட்டைத் தேடும் வேட்பாளர் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏன் போகப்போகிறார்? இப்போதைய முறையின் பெரிய பலம் இதுதான். சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இதை லேசாகக் கடந்துபோவது எனக்கு ஏற்பில்லை.

அதனால் என் தேர்வு கலப்பு முறை: தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு. கட்சி ஓட்டின் விகிதப்படி, கட்சி தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து கூடுதல் இடங்களை நிரப்புவார்கள். ஜெர்மனியிலும், 1996 முதல் நியூசிலாந்திலும் இதுதான். இரண்டிலும் 5 சதவீத வரம்பு உண்டு: கட்சி ஓட்டில் அதற்குக் கீழே போனால் பொதுவாகப் பட்டியல் இடம் கிடையாது. மாநில அளவில் அந்த வரம்பு கொங்குக் கட்சிகளை ஒழித்துவிடும். 2009-இல் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் தனித்து நின்று கோவையிலும் பொள்ளாச்சியிலும் தலா லட்சத்துக்கு மேல் வாங்கியது, இடம் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலிலேயே கூட்டணிக்குப் போனார்கள். நியூசிலாந்தில் ஒரு தொகுதியை வென்றாலே வரம்பு விலக்கு. ஒரு வட்டாரத்தில் மட்டும் வலுவுள்ள கட்சிக்கு அது நியாயமான வழி.

ஜெர்மனியின் புதிய விதியை மட்டும் எடுக்கக் கூடாது. கட்சி ஓட்டின்படி வரும் பங்குக்கு மேல் ஒரு கட்சி தொகுதிகளை வென்றால், அந்தக் கூடுதல் வெற்றிகளுக்கு இடம் கிடையாது என்பதே அது. 2025-இல் அங்கே தொகுதியில் முதலிடம் வந்த 23 பேருக்கு இடம் கிடைக்கவில்லை. நம் ஊரில் அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருக்கிற 234-ஐத் தொடாமல் பட்டியல் இடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பதே வழி. மக்களவைக்கு இந்த மாதிரி யோசனையை 1999-லேயே சட்ட ஆணையம் சொல்லியிருக்கிறது.

பட்டியலில் யார் பெயர் மேலே இருக்கும் என்பதுதான் என் பெரிய கவலை. இங்கே வேட்பாளரைத் தலைமைதான் அறிவிக்கிறது. ஜெர்மனியில் கட்சி உறுப்பினர்களோ அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பு நடத்தித்தான் பட்டியலை முடிவுசெய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த விதி இல்லாமல் பட்டியல் இடங்களை மட்டும் கொண்டுவந்தால் நான் அதை எதிர்ப்பேன்.