டார்க் ரெஞ்ச்: ஆறு வருடம் வைத்திருந்த பிறகு

சைக்கிளுக்கு டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்க உதவும் கருவி) வேண்டுமா என்று கேட்டால் என் பதில்: சின்னது வேண்டும், பெரியது இல்லாமலும் காலம் தள்ளலாம்.

நான் வாங்கக் காரணம் ஒரு ஸ்டெம், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்தகட்டில் நான்கு சின்ன போல்ட்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எல்-கீயை இன்னொரு கால் சுற்று திருப்பினேன். திடீரென்று கை லேசாகிவிட்டது. அலுமினிய மரை போல்ட்டோடு சுருள் சுருளாக வெளியே வந்தது. ஸ்டெம் மேலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். படித்துமிருக்கிறேன். ஆனால் 5 எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியாதே! 10 செ.மீ. நீள எல்-கீயின் நுனியில் 5 கிலோ தொங்கினால் வரும் முறுக்கு, அவ்வளவுதான்.

வாங்கியது 'கிளிக்' வகை. குறித்த அளவு வந்ததும் டிக்கென்று தட்டும். முதல் வேலையாக, ஏற்கெனவே கையால் இறுக்கியிருந்த போல்ட்களைச் சோதித்தேன். 5-இல் வைத்தால் ஸ்டெம், சீட் கிளாம்ப் இரண்டிலும் போல்ட் அசையாமலே கிளிக். 5 எப்போதோ தாண்டியிருக்கிறது. அப்புறம் நண்பரிடம் பெரிய ரெஞ்ச் வாங்கி கேசட் லாக்ரிங்கில் (பின்சக்கரத்தின் பல்சக்கரங்களைப் பிடித்திருக்கும் வளையம்) வைத்தேன். அதற்கு 40 வேண்டும். கிளிக் வருவதற்குள் கணிசமாகச் சுற்றியது! சின்ன போல்ட்டுக்கு அதிகம், பெரியதற்குக் குறைவு. இத்தனை நாள் என் கை எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் இறுக்கிவந்திருக்கிறது.

கார்பன் சீட் போஸ்ட் வந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. 5-இல் இறுக்கியும் மேடுபள்ளத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. பழைய நானாக இருந்தால் 8, 9 வரை போய் குழாயையே நசுக்கியிருப்பேன். எண் கண்முன் இருந்ததால் வேறு வழி தேடினேன். கார்பனுக்கென்றே வரும் மணல்போன்ற பேஸ்ட்டைப் பூசியதும் அதே 5-இல் நின்றுவிட்டது. கிரீஸ் இதற்கு நேரெதிர். மரையில் கிரீஸ் இருந்தால் உராய்வு குறையும். அதே எண்ணில் போல்ட் இன்னும் பலமாக இழுபடும். கிரீஸ் போடச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை நம்ப வேண்டும்.

குறைகளும் உண்டு. 3, 4-இல் கிளிக் ரொம்ப மெல்லியது. ஒருமுறை ஃபேன் சத்தத்தில் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது காதை நம்புவதில்லை, உள்ளங்கையில் உணரும்வரை மெதுவாகத் திருப்புகிறேன். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோடுவரை இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளரும். போல்ட்டைக் கழற்ற இதை எடுக்கவே கூடாது. ஐஎஸ்ஓ 6789 விதிப்படி வருடத்துக்கு ஒருமுறை அல்லது 5000 தடவைக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் நான் அனுப்பியதே இல்லை. நண்பரின் முள் வகை (அளவை முள் காட்டும்) ரெஞ்ச்சோடு அவ்வப்போது ஒப்பிடுவதோடு சரி. முள் வகையில் தளர ஸ்பிரிங்கே இல்லை, மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் கவலையில்லை. இன்னொரு முறை வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குவேன், முள்ளைப் படிக்கக் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தாலும்.

பெரிய ரெஞ்ச் ஏன் வாங்கவில்லை? பெடலுக்கு 35 வேண்டும், 20 செ.மீ. ஸ்பேனரில் 18 கிலோ அளவுக்கு அழுத்தினால் வந்துவிடும். அங்கே கொஞ்சம் கூடினால் ஒன்றும் உடையாது. தவிர, இடது பெடல் தலைகீழ் மரை, பல கிளிக் ரெஞ்ச்கள் அந்தப் பக்கம் அளக்காது.

இப்போது அதைப் பெட்டியிலிருந்து எடுப்பது ஸ்டெம், சீட் போஸ்ட், பிரேக் லீவர், ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் வட்டத்தகடு), 12 முதல் 14 வரை கேட்கும் கிராங்க் போல்ட்கள் ஆகியவற்றுக்கு மட்டும். பாட்டில் கூடு, மட்கார்டு எல்லாம் எல்-கீயின் குட்டைக் கையைப் பிடித்து இரண்டு விரலால் திருப்புவதுதான்.