இரண்டு கட்டடத்துக்கு நடுவே மண்ணுக்கடியில் கேபிள்: செம்பா, ஃபைபரா?

சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் அலுவலகம், பின்னால் கிடங்கு, நடுவில் அறுபது எழுபது மீட்டருக்கு லாரி ஓடும் கான்கிரீட் முற்றம். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். கேட்6 (Cat6) என்கிற செம்பு நெட்வொர்க் கேபிள்தான் 100 மீட்டர் போகுமே, அதையே புதைத்துவிடலாம் என்பார் முதலாளி. கணக்கு சரிதான். ஆனால் நம் ஊரில் கணக்கைக் கெடுப்பது தூரம் இல்லை, மின்னல்.

உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அது கட்டடத்தின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தரையில் விழுந்தாலும் அந்த இடத்து எர்த்தின் (தரையோடு சேர்த்த இணைப்பின்) வோல்டேஜ் ஒரு கணம் எகிறும், இந்தக் கட்டடத்து எர்த்துக்கும் அந்தக் கட்டடத்து எர்த்துக்கும் ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரலாம், அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே கிடக்கிற செம்புக் கம்பி அதற்குப் பாதை போட்டுக் கொடுக்கும். கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் மின்காப்பு 1500 வோல்ட்டுக்குத்தான் சோதிக்கப்படுகிறது. சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போடலாம்தான், ஆனால் இரு முனையிலும் போட வேண்டும், ஒழுங்காக எர்த் செய்ய வேண்டும், அப்புறம் அது எப்போது உயிரை விட்டது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஒளியில் டேட்டா அனுப்பும் ஃபைபர் வெறும் கண்ணாடி, இந்தத் தொல்லையே கிடையாது. ஒன்றில் மட்டும் கவனம்: எலி கடிக்காது என்று சொல்லி இரும்புக் கவசம் போட்ட ஃபைபரைத் தலையில் கட்டுவார்கள். அந்த இரும்பை எர்த் செய்யாமல் கட்டடத்துக்குள் கொண்டுபோனால் பழைய கதைதான். குழாய்க்குள் இழுப்பதானால் உலோகமே இல்லாத வகையைக் கேளுங்கள். ஃபைபரில் இரண்டு வகை உண்டு, மல்டிமோடா சிங்கிள்மோடா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், சிங்கிள்மோடே போடுங்கள். ஓஎம்3 ரக மல்டிமோடில் 10 கிகாபிட் வேகம் 300 மீட்டரோடு நிற்கும், சிங்கிள்மோட் சாதாரணமாக 10 கிலோமீட்டர் போகும்.

செம்பு ஜெயிக்கிற இடமும் உண்டு. வாசல் பக்கத்துக் காவலர் கூண்டில் ஒரே ஒரு கேமரா, அங்கே மின் இணைப்பு இல்லை என்றால், டேட்டாவோடு கரண்டையும் கொண்டுபோக அதுதான் வழி. ஃபைபர் கரண்ட் கொண்டுபோகாது. அப்போதும் வெளிப்புறத்துக்கென்று செய்த, ஜெல் நிரப்பிய கேபிள்தான். வயர்லெஸ் பிரிட்ஜ் (கேபிள் இல்லாமல் ரேடியோ அலையில் இரு கட்டடத்தை இணைப்பது)? தோண்டவே முடியாத இடத்துக்கு சரி. 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் கனமழையில் சிக்னல் சரியும், தூரம் கூடக் கூட மோசம்.

கேபிள் எதுவானாலும் பணம் போவது பள்ளத்தில்தான். தோண்டும் முன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் ஊழியரை வைத்து அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், தொலைத்தொடர்புக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனி உரிமம். நடுவில் பொதுச் சாலை இருந்தால் நீங்களாகத் தோண்ட முடியாது, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் லைன் வாடகைக்கு எடுப்பதுதான் நடைமுறை.

மண்ணில் நேரடியாகப் புதைப்பதைவிட குழாய் நல்லது. தேவைக்கு மேல் ஒரு சுற்றுப் பெரிய குழாயாகப் போட்டு, கேபிளோடு ஒரு நைலான் கயிறையும் உள்ளே விட்டுவைத்தால் அடுத்த கேபிளுக்கு முற்றத்தை உடைக்க வேண்டியதில்லை. எவ்வளவு அடைத்தாலும் நம் மழைக்குத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அதனால் கட்டடத்துக்குள் நுழையும் முனையை நன்றாக அடையுங்கள். இடையில் உள்ள குழிகளை வாரம் ஒருமுறையாவது மூடி திறந்து பாருங்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தால் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு வேறு அபராதம் கட்ட வேண்டிவரும்.