ஒரே கேம்பர், இரண்டு ட்ரக்குகள்: 11 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

2015-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் வசித்தபோது, ட்ரக்கின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேம்பர் ஒன்றை, 23 அடி நீளத்தில் வாங்கினோம். அதை இழுப்பதற்காக அதே ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக் ஒன்றையும், பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் டூ வீல் டிரைவ் வகையில் எடுத்தோம். 2020-இல் வேலை நிமித்தமாகக் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே ஒரு குளிர்காலத்தைப் பழைய ட்ரக்கோடு கழித்த பிறகு, 2021-இல் அதே எஃப்-150-இன், நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் ஃபோர் வீல் டிரைவ் வகைக்கு மாறினோம். கேம்பர் மட்டும் மாறவில்லை. இரண்டு ட்ரக்குகளிலுமாக, கேம்பரைக் கட்டி இழுத்த தூரம் மட்டும் ஏறத்தாழ 38,000 மைல் ஆகிறது. இது முற்றிலும் நேரான ஒப்பீடு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் 3.5 லிட்டர் டர்போ எஞ்சினும் 3.55 ஆக்சில் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதற்குத் திறன் கொண்டுவரும் தண்டு 3.55 சுற்று) இருந்தாலும், பழையதில் 6 கியர், புதியதில் 10 கியர். புதிய எஞ்சினின் திறனும் சற்று அதிகம். எனவே எஞ்சினும் கியர்பெட்டியும் தந்த வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு, எத்தனை சக்கரங்கள் சுழல்கின்றன என்பதால் வந்த வேறுபாடுகளை மட்டும் இங்கே எழுத முயல்கிறேன்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி அதிக எடையை இழுக்கும் என்பது பலரிடம் இருக்கும் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. ட்ரக், கேம்பர், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த மொத்த எடைக்குத் தயாரிப்பாளர் ஓர் உச்சவரம்பு வைக்கிறார். எஞ்சின் திறனை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இரு முன்சக்கரங்களுக்கும் பகிரும் முன் டிஃபரென்ஷியல், முன்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் என்று ஃபோர் வீல் டிரைவுக்காகச் சேரும் உறுப்புகளால் ட்ரக்கின் சொந்த எடை கூடுகிறது. வரம்பு அப்படியே இருக்க, ட்ரக் கனத்தால், கேம்பருக்கு மிஞ்சும் பங்கு குறையும். அதனால்தான் ஒரே எஞ்சின், ஒரே ஆக்சில் விகிதம் கொண்ட இரண்டு ட்ரக்குகளின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், இழுவை அளவு பெரும்பாலும் டூ வீல் டிரைவில் சில நூறு பவுண்டு கூடுதலாக இருக்கும்.

ஆனால் என் போன்ற குடும்பத்துக்கு முதலில் தீர்ந்துபோவது இழுவை அளவு அன்று, சுமைத்திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும்; ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண் அதில் அச்சாகியிருக்கும். விளம்பரத்தில் வரும் எண் வேறு, இந்த எண் வேறு. என் பழைய ட்ரக்கில் அது 1,780, புதியதில் 1,520. இந்த வேறுபாடு முழுவதும் ஃபோர் வீல் டிரைவால் வந்தது அன்று. இருக்கைகளும் மற்ற வசதிகளும்கூட எடையைக் கூட்டியிருக்கின்றன. சாமான் ஏற்றிய எங்கள் கேம்பர் 5,900 பவுண்டு. அதில் கொக்கியின் மீது இறங்கும் எடை 750 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு. 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் கேம்பர் வால் ஆட்டாமல் வரும் என்பதால் இதைக் குறைக்க வழியில்லை. இந்த 750-உடன் கொக்கியின் சுமையை மற்ற சக்கரங்களுக்கும் பகிரும் எடைப்பகிர்வு ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி 90, நாங்கள் நால்வர் 560, பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, கருவிப்பெட்டி ஆகியவை 160 என்று கூட்டினால் 1,560 வருகிறது. பழைய ட்ரக்கில் 220 பவுண்டு மிச்சம் இருந்தது. புதியதிலோ முதல் பயணத்திலேயே வரம்புக்கு மேல் 40 பவுண்டு. நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அன்று முதல் விறகை வீட்டிலிருந்து கொண்டுபோவதில்லை, முகாமிலேயே வாங்கிக்கொள்கிறோம். மரத்தை அரிக்கும் பூச்சிகள் ஊர்விட்டு ஊர் பரவும் என்பதால், அப்படிச் செய்வதுதான் முறையும்கூட. திருச்சியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்த கோடையில் ட்ரக்கில் இருக்கைகள் இருந்தும் எடைக்கு இடமில்லாமல், இன்னொரு காரையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

டெக்சாஸில் இருந்த ஐந்து ஆண்டுகளில் டூ வீல் டிரைவ் என்னைக் கைவிட்டது ஒரே ஒரு முறைதான். இங்க்ஸ் லேக், ஃப்ரியோ ஆற்றங்கரையில் உள்ள கார்னர் போன்ற மாநிலப் பூங்காக்களில் கேம்பர் நிற்கும் இடம் வரை தார்ச்சாலையோ கெட்டியான சரளையோ இருந்தது. அப்படிப்பட்ட தரையில் முன்சக்கரங்களும் இழுக்கின்றனவா என்ற கேள்விக்கே இடமில்லை. கைவிட்ட இடம் பாட்ரே தீவின் கடற்கரை. அங்கே தெற்குக் கடற்கரையின் முதல் 5 மைல் வரை சாதாரண வண்டிகள் செல்லலாம். அதற்கு அப்பால் ஃபோர் வீல் டிரைவ் மட்டுமே. நான் அந்த 5 மைலுக்குள்தான் இருந்தேன். நீர் பட்டுக் கெட்டியான மணலில் நன்றாக வந்த வண்டி, முகாமிடுவதற்காக மேட்டுப் பக்கம் திரும்பியதும் ஆக்சில் வரை புதைந்தது. கேம்பரின் ஒடுங்கிய டயர்களில் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்று இருந்தது, அவை ஏர்க்கொழுவைப்போல் மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கின. மீன்பிடிக்க வந்த ஒருவர் ட்ரக்கின் டயர்களில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கச் சொல்லி, தம் வண்டியால் இழுத்துக் கரையேற்றினார். டயரில் காற்றைக் குறைத்ததும் வண்டி நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பிறகு, நான்கு சக்கரங்களும் இழுத்திருந்தாலும் அன்றைய காற்றழுத்தத்தோடு அவையும் புதைந்திருக்கும் என்றே நம்புகிறேன். கேம்பரின் சக்கரங்கள் எந்த வண்டியிலும் தாமாகச் சுழல்வதில்லை. அவை எப்போதும் இழுபடும் சுமைதான்.

ட்ரக்கை மாற்ற வைத்தது கொலராடோவின் அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை. ஃபோர்ட் காலின்ஸிலிருந்து பூடர் பள்ளத்தாக்கு வழியாக 10,276 அடி உயரமுள்ள கேமரன் கணவாயைக் கடந்தால், மூஸ் மான்களுக்குப் பெயர்பெற்ற ஸ்டேட் ஃபாரஸ்ட் மாநிலப் பூங்கா வரும். இரவில் நான்கு அங்குலப் பனி விழுந்திருந்தது. முகாமிடத்திலிருந்து சாலைக்கு ஏறும் சிறு சரிவில் மழைநீர் வடிவதற்கான ஒரு பள்ளம். பின்சக்கரங்கள் அதில் இறங்கியதும் சுழன்றனவே தவிர, வண்டி நகரவில்லை. எனக்கு அப்போது புரியாத ஒன்றைப் பக்கத்து முகாமில் இருந்த பெரியவர் விளக்கினார். எடைப்பகிர்வு ஹிட்சின் இரும்புப் பார்கள் கொக்கியின் சுமையில் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் கேம்பரின் சக்கரங்களுக்கும் தள்ளிவிடுபவை. ட்ரக்கின் மூக்கு மேலே நோக்கியும் கேம்பரின் மூக்கு கீழே நோக்கியும் பள்ளத்தில் மடியும்போது, அந்தப் பார்கள் மேலும் இறுகிப் பின் ஆக்சிலையே தூக்கப் பார்க்கும். எந்தச் சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டுமோ, அவற்றின் மேலிருந்தே எடையை எடுத்துவிட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்? பார்களைக் கழற்றி, பெட்டியில் பிரிக்காமலே கிடந்த, பனியில் டயருக்குப் பிடிப்புத் தரும் சங்கிலிகளைப் பின்சக்கரங்களுக்கு மாட்டியதும் வண்டி ஒரே முயற்சியில் ஏறிவிட்டது. டூ வீல் டிரைவால் முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் போனது, குழந்தைகள் குளிரில் நடுங்கினார்கள். கொலராடோவில் இத்தகைய காலைகள் மறுபடியும் வரும் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

புதிய ட்ரக்கில் நான் மிகவும் மதிப்பது வேகமாகச் செல்லும்போது கிடைக்கும் பிடிப்பை அன்று. நான்கு சக்கரங்களும் 2.64 மடங்கு தாழ்ந்த விகிதத்தில் சுழலும் லோ ரேஞ்சைத்தான். சரிவான சரளைத் தரையில் கேம்பரைப் பின்னோக்கி ஏற்றி நிறுத்துவது பழைய ட்ரக்கில் எனக்குப் பெரும் வேதனை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் கல்லை வாரி இறைக்கும், விட்டால் வண்டி முன்னே உருளும். லோ ரேஞ்சில் வண்டி எறும்பு ஊர்வதுபோல் நகர்கிறது. பின்னால் நின்று கை காட்டும் என் மனைவிக்குச் சொல்லித் திருத்த நேரம் கிடைக்கிறது. ஆனால் காய்ந்த தார்த்தளத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது. இவ்வகை அமைப்பில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவிலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பனியிலும் சரளையிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டை ஈடுகட்டும். தாரில் அது முடியாமல், உறுப்புகள் இறுகி வண்டி துள்ளும்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயிரோடு தொடர்புடையது அது. யூட்டாவிலிருந்து திரும்பும்போது 70-ஆம் இன்டர்ஸ்டேட் சாலையில் சில்வர்த்தோர்னிலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறி, மறுபுறம் ஜார்ஜ்டவுனை நோக்கி நெடுந்தூரம் இறங்க வேண்டும். பனியில் ஏறும்போது நான்கு சக்கரங்களும் பிடிப்போடு ஏறுவதால் சாலை நன்றாக இருப்பதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது அந்த உதவி இல்லை. எல்லா ட்ரக்குகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு, நிற்பது டயரும் பனியும் பேசி முடிவு செய்வது. ஒரே ஒரு நன்மை உண்டு: டூ வீல் டிரைவில் எஞ்சின் பிரேக்கிங், அதாவது தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைத் தடுப்பது, முழுவதும் பின்சக்கரங்களில் விழுவதால், வழுக்கும் இறக்கத்தில் அவை பிடிப்பிழந்து கேம்பர் ட்ரக்கைப் பக்கவாட்டில் மடக்கும் அபாயம் கூடுகிறது; ஃபோர் வீல் டிரைவில் அந்தத் தடை நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. இந்தச் சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை நடப்பில் இருக்கும் சட்டம், ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் டயரிலும் 3/16 அங்குல ஆழத்துக்காவது பள்ளம் இருக்க வேண்டும் என்று கேட்பது முற்றிலும் சரி என்றே கருதுகிறேன். 2023 ஏப்ரலில் ஒரு மாலை, ஏற வசதி எல்லாம் இருந்தும் ஃபிரிஸ்கோவிலேயே இரவு தங்கிவிட்டு, மறுநாள் சாலை காய்ந்த பிறகே புறப்பட்டோம்.

இதே ட்ரக் என்னைச் சிக்க வைத்ததும் உண்டு. யூட்டாவின் ஹாங்க்ஸ்வில் அருகே, சாம்பல் நிற மண்மேடுகளுக்கு நடுவே அரசு நிலத்தில் முகாமிட்டிருந்தோம். அந்த மண்ணில் பெண்டனைட் களிமண் மிகுதி. காய்ந்தால் சிமெண்ட் போல இருக்கும், நனைந்தால் ஊறி உப்பிச் சோப்புபோல் வழுக்கும். இரவில் அரை மணி நேரம் மழை. காலையில் நூறு அடி நகர்வதற்குள் டயரின் பள்ளங்கள் எல்லாம் களிமண்ணால் அடைபட்டு, நான்கு சக்கரங்களும் வழவழப்பான உருளைகளாகிவிட்டன. லோ ரேஞ்ச் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றரை நாள் காத்திருந்து, மண் காய்ந்த பிறகு வெளியேறினோம். தண்ணீரும் அரிசியும் போதுமான அளவு இருந்ததால் கவலையில்லை. பழைய ட்ரக்காக இருந்திருந்தால் நான் அந்த மண்பாதையில் இறங்கியே இருக்க மாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, வாங்கும்போது எனக்கு 3,400 டாலர் கூடுதலாயிற்று. கேம்பர் இல்லாதபோது ஒரு கேலனுக்கு 1 முதல் 2 மைல் குறைவாகவே கிடைக்கும் என்று தோன்றுகிறது. கேம்பரோடு இரண்டுமே 10 மைலை ஒட்டித்தான் தருகின்றன, ஏனென்றால் அங்கே எரிபொருளைத் தின்பது கேம்பரின் முகத்தில் மோதும் காற்று. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் டிஃபரென்ஷியலுக்கும் தனித்தனியே எண்ணெய் மாற்ற வேண்டும். முன் ஆக்சில் தண்டின் ரப்பர் உறை ஒன்று கிழிந்து மாற்றினேன். ஒரு டயர் கல்லில் கிழிந்தபோது, மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்ததால், ஒன்றாகப் பூட்டப்படும் சக்கரங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டி நான்கையும் சேர்த்தே வாங்க நேர்ந்தது. ட்ரக்கின் உயரமும் சற்றுக் கூடுதல். முழங்கால் வலியுள்ள அம்மா பழைய ட்ரக்கில் தாமாகவே ஏறுவார். இதற்கு ஒரு முக்காலியைப் பின்தொட்டியில் வைத்திருக்கிறோம்.

ஹூஸ்டனில் இருக்கும் என் மைத்துனர் சென்ற ஆண்டு கேம்பர் வாங்கியபோது, எந்த ட்ரக் எடுக்கலாம் என்று கேட்டார். விற்பனையாளர் ஃபோர் வீல் டிரைவை வலியுறுத்தினாராம். அவர்கள் செல்வதெல்லாம் மாநிலப் பூங்காக்கள், பனி கிடையாது, மூன்று பிள்ளைகள். பின் ஆக்சிலைப் பூட்டி இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் வசதி உள்ள டூ வீல் டிரைவை எடுத்து, மிச்சப் பணத்தில் நல்ல டயர்களும் தரமான ஹிட்சும் வாங்கச் சொன்னேன். கையெழுத்திடும் முன் கதவுத் தூணின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 1,840 என்று இருந்தது. நவம்பரில் நாங்கள் விமானத்தில் போய், அவருடைய கேம்பரில்தான் கார்னர் பூங்காவில் நான்கு நாட்கள் தங்கினோம். இங்கே கொலராடோவில் என் ட்ரக் இப்போது 68,000 மைலைத் தாண்டியிருக்கிறது. அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.