டேபிளா கிரிட்டா, பின்னணிப் படமா வெறும் நிறமா? முதல் வலைப்பக்கம் போடுகிறவர்களுக்கு

முதல்முதலாக வலைப்பக்கம் போட உட்காருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும். பின்னால் ஒரு அழகான படம் வரவேண்டும், அப்புறம் இடது பக்கம் மெனு, வலது பக்கம் விஷயம் என்று பக்கம் கட்டம் கட்டமாகப் பிரிந்து நிற்கவேண்டும். என் அக்கா மகள் தெரிந்தவர்களின் பலகாரக் கடைக்கு ஒரு பக்கம் செய்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே டேபிள் (அதாவது அட்டவணை), பின்னால் 4 எம்பி லட்டுப் படம், அதன்மேல் மஞ்சள் எழுத்தில் விலைப்பட்டியல். கணினியில் பார்க்கப் பரவாயில்லை, ஆனால் போனில் திறந்தால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் மைசூர்பாகு விலையைப் படிக்க முடிந்தது. அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆசைகள் புதிதல்ல. 1995-இல் வந்த நெட்ஸ்கேப் என்ற பிரவுசரின் 1.1 பதிப்பில் டேபிளும் பின்னணிப் படமும் ஒன்றாகவே வந்தன. பக்கத்தின் நிறம், அளவு, அமைப்பைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளியானாலும், பிரவுசர்கள் அதை ஒழுங்காகக் காட்டப் பல வருஷம் பிடித்தது. அதுவரை பார்டரை 0 ஆக்கிக் கோட்டை மறைத்து, இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிக்சல் கொண்ட நிறமில்லாத ஜிஃப் படத்தை நீட்டி வைத்து, டேபிளுக்குள் டேபிள் போட்டுத்தான் பக்கம் கட்டினோம். அன்றைக்கு அதுதான் சரியான வழி. பக்க அமைப்புக்கு டேபிள் வேண்டாம் என்று வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 1997 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு சொல்லிவிட்டது, ஆனால் அதற்கு ஈடாக, சிஎஸ்எஸ்ஸிலேயே பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் என்ற வசதி குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்து சேர்ந்தது 2017 மார்ச்சில்தான்.

டேபிளில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. புதியவருக்கு அது உடனே புரியும்: வரிசை, வரிசைக்குள் கட்டம், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் தானாகவே ஒரே உயரத்தில் நிற்கும். சிக்கல் போனில்தான் தொடங்குகிறது. டேபிளில் இடது கட்டமும் வலது கட்டமும் ஒரே வரிசையில் கட்டுண்டு கிடக்கின்றன, திரை சிறியது என்பதற்காக ஒன்றின்கீழ் ஒன்றாக அவை தானாக இறங்காது. கிரிட்டில் இடதுக்கு 200 பிக்சல், மீதி எல்லாம் வலதுக்கு என்று ஒரு வரி எழுதி, திரை 600 பிக்சலுக்குக் கீழே போனால் எல்லாம் ஒரே நெடுவரிசை என்று மீடியா குவெரியில் (திரை அளவைப் பொறுத்து விதியை மாற்றும் சிஎஸ்எஸ் வசதி) இன்னொரு வரி எழுதினால் போதும். மெனுவில் நாலு பொத்தான்களை வரிசையாக நிறுத்த மட்டும் என்றால் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் வசதியே போதும், கிரிட்கூட வேண்டாம்.

தமிழில் பக்கம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டேபிள் கட்டம் தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. 'முன்பதிவுசெய்தவர்களுக்கு' என்று ஒரே சொல்லாக எழுதினால் அந்த ஒரு சொல்லே பக்கம் முழுவதையும் அகலப்படுத்திவிடும். கிரிட்டுக்கு மாறினால் மட்டும் இது தீராது, அதுவும் நீளமான சொல்லுக்கு வழிவிட்டு அகலும். சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃபுளோ-ராப் என்ற பண்புக்கு எனிவேர் என்று மதிப்புக் கொடுத்தால் இடம் போதாதபோது சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும். உடைந்த சொல் பார்க்க அழகாக இருக்காது, அதனால் முடிந்தவரை சொற்களைப் பிரித்து எழுதிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

சரி, அப்படியென்றால் டேபிளே கூடாதா? இங்கேதான் நிறையப் பேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். டேபிள் பழைய காலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அக்கா மகளும் அடுத்த முயற்சியில் விலைப்பட்டியலையே டிவ் என்ற வெறும் பெட்டிகளை அடுக்கிச் செய்துவிட்டாள். அது தப்பு. பலகாரத்தின் பெயர், கால் கிலோ விலை, அரை கிலோ விலை என்பது உண்மையிலேயே அட்டவணை. டேபிளாக இருந்து, தலைப்புக் கட்டங்களை டிஹெச் என்று சரியாகக் குறித்திருந்தால், பார்வையற்றவர் ஒரு விலையில் நிற்கும்போது அது எந்தப் பலகாரத்துக்கு, எந்த எடைக்கு என்று, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் சொல்ல முடியும். அதை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினாலும் கட்டம் கட்டமாகவே போய் உட்காரும். போனில் அகலம் போதவில்லை என்றால் அந்த டேபிளை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டிக்குள்ளேயே நகரும்படி செய்துவிடலாம்.

இனி படம். அந்தக் காலத்துப் பக்கங்களில் நட்சத்திரமும் மேகமும் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல. நம் 4 எம்பி லட்டு 56 கிலோபிட் மோடத்தில் முழு வேகத்தில் இறங்கினாலே சுமார் பத்து நிமிஷம் ஆகும். சில கிலோபைட்டில் ஒரு சின்னத் துண்டைச் செய்து ஓடு பதிப்பதுபோல் பரப்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஓரங்கள் ஒட்டும்படி செய்யத் தெரிந்தால் இன்றைக்கும் அது நல்ல வழிதான், வெளிர் நிறத்தில் ஒரு கோலம் அழகாகவே இருக்கும். ஒரே பெரிய படத்தைக் கவர் என்ற சிஎஸ்எஸ் மதிப்பால் திரை முழுக்க விரித்தால் கணினியில் பிரமாதமாக இருக்கும், ஆனால் குறுக்குவாட்டுப் படம் நெடிய போன் திரையை நிரப்பும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு நடுத்துண்டுதான் மிஞ்சும். எங்கள் லட்டுத் தட்டில் கடைசியில் தெரிந்தது பாதி லட்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். முந்திரியும் நெய் மினுமினுப்புமாக இருக்கும் படத்தின்மேல் 'பால்' என்று எழுதினால், புள்ளி படத்தோடு கலந்து 'பால' என்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் செய்வதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சொல்கிறது. வெறும் நிறத்தில் இதை ஒருமுறை சோதித்தால் போதும், படத்திலோ இடத்துக்கு இடம் மாறும். அதனால் படிக்கவேண்டியது நிறைய இருக்கும் இடத்தில் வெறும் நிறத்துக்குத்தான் என் வாக்கு. படம் வேண்டும் என்றே தோன்றினால் மேலே தலைப்புப் பட்டையில் மட்டும் வைத்து, எழுத்துக்குக் கீழே அரைத்தெளிவான கருநிறம் ஒன்றைப் பூசுங்கள். கூடவே பின்னணி நிறத்தையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் படம் வராத நேரத்தில் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்துதான் நிற்கும்.

பின்னணியாக வைப்பதா, படத்தைப் பக்கத்தின் விஷயமாகவே காட்டும் ஐஎம்ஜி டேகில் வைப்பதா என்று குழம்பினால், படத்தை எடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு ஏதாவது தெரியாமல் போகுமா என்று பாருங்கள். லட்டு எப்படி இருக்கும் என்று காட்டத்தான் படம் என்றால் அது ஐஎம்ஜிதான். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக ஆல்ட் என்ற விளக்கம் எழுதலாம், அழுத்திப் பிடித்துச் சேமிக்கலாம், லோடிங் லேசி போட்டுத் தேவைப்படும்போது இறக்கலாம், அச்செடுத்தாலும் வரும். பின்னணிப் படத்தைப் பிரவுசர்கள் வழக்கமாக அச்சிடுவதில்லை. நாங்கள் லட்டை ஐஎம்ஜிக்கு மாற்றி, 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற படக்கோப்பு வடிவத்தில் சேமித்தோம். பின்னணிக்கு வெளிர் சந்தன நிறம்.

தீபாவளி ஆர்டருக்கு மின்னஞ்சல் அனுப்பக் கடைக்காரர் கேட்டபோது மட்டும் தீர்ப்பைத் தலைகீழாக்க வேண்டியிருந்தது. 2007 பதிப்பு முதல் விண்டோஸ் அவுட்லுக் மின்னஞ்சலை வேர்டின் எஞ்சினில் காட்டி வந்தது, அதற்குக் கிரிட் தெரியாது, சிஎஸ்எஸ் பின்னணிப் படமும் வராது. அதனால் அங்கே 600 பிக்சல் அகலத்தில் டேபிளேதான் போட்டோம், பின்னணியில் நிறம் மட்டும். அந்த வெளி டேபிளுக்கு ரோல் என்ற ஹெச்டிஎம்எல் பண்பில் பிரசென்டேஷன் (தோற்றத்துக்கு மட்டும்) என்று கொடுத்திருக்கிறோம், ஸ்க்ரீன் ரீடர் அதை அட்டவணையாக எண்ணாமல் உள்ளே இருப்பதை மட்டும் வாசிக்கும்.